செவ்வாயைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

என் நாத்தனார் மலர்விழி ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையை வானத்துக்கு நீட்டி, ஒரு வெளிச்சப் புள்ளியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

இடம் தஞ்சோங் கிளிங் கடற்கரை. சூரியன் இறங்கியிருந்தது, ஆனால் கடலின் மேல் கொஞ்சம் ஆரஞ்சு நிறம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சாலையோரக் கடைகளிலிருந்து மீன் சுடும் வாசனை வந்தது. தூரத்தில் கப்பல்கள் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டன. பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்க் குடும்பம், கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

“ஏன்டா, ஒனக்கு வேற ஆளே கெடைக்கலயா? எத்தன பேரு வந்தாங்க, எத்தன பேரு போனாங்க. ஒருத்தனையாச்சும் விட்டியா? மேல ஒக்காந்துகிட்டு என்னா மினுக்கு மினுக்குற. எறங்கி வா லா, பேசிக்கலாம்.”

போன வாரம் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைப் படித்த சிலர், பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாத்தனாரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அவள் கண்ணைத் திறந்த கதையை எழுதுகிறேன். அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். “என்னத்தையோ எழுதுங்க அண்ணி, ஆனா என் வயச மட்டும் போட்டுடாதீங்க” என்றாள். அதனால் அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வடை தின்றவர்கள்

மலரின் ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய். நம் வீடுகளில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பெண்ணை அதே தோஷம் இல்லாத ஆண் கட்டினால் அவன் உயிருக்கு ஆபத்து என்பார்கள். சொல்பவர்கள் மெதுவான குரலில்தான் சொல்வார்கள். அந்தக் குரல்தான் எனக்கு எரிச்சல்.

நான் புக்கிட் ரம்பாய்க்கு மருமகளாக வந்தபோது மலருக்கு இருபது வயதிருக்கும். அன்றிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு உளுந்து வடை சுட்டுப் போட்டவள் நான்தான். அலோர் காஜாவிலிருந்து வந்தார்கள், ஜாசினிலிருந்து வந்தார்கள், மூவாரிலிருந்துகூட வந்தார்கள். ஒரு குடும்பம் தட்டிலிருந்த வடையையெல்லாம் முடித்து, சட்னியை வழித்துவிட்டு, “செவ்வாய் இருக்குதாமே” என்று எழுந்தது. அதை வடைக்கு முன்பே கேட்டிருக்கலாம் இல்லையா. அந்த மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு வடைக்குப் பக்குவம் கேட்டார். நான் வேண்டுமென்றே மிளகைச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர், அதாவது மலரின் அண்ணன், தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவர். அந்தப் பாசத்தை அவர் காட்டிய விதம்தான் வேறு. செவ்வாய்க்கிழமைதோறும் கோயிலில் நவக்கிரகத்துக்குச் சிவப்புத் துணி, அரளிப்பூ, ஒரு பொட்டலம் துவரை. மலர் வேலை முடிந்து வந்த களைப்போடு போய்ச் சுற்றிவிட்டு வருவாள். முணுமுணுக்கக்கூட மாட்டாள்.

அவள் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். எறும்புத் தலை அளவு சாமான்களை மைக்ராஸ்கோப்பில் வைத்து, கீறல் இருக்கிறதா, உடைசல் இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் ‘பாஸ்’. இல்லாவிட்டால் ‘ரிஜெக்ட்’. நாள் முழுக்க இந்த இரண்டே வார்த்தை. வீட்டுக்கு வந்தும் அதுதான். நெத்திலி ஆய்ந்தால் ரிஜெக்ட் ஒரு பக்கம், பாஸ் ஒரு பக்கம் குவியும். என் சாம்பாரை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னதில்லை. ஒரு வாய் வைத்துவிட்டு ‘பாஸ்’ என்பாள். அதற்கு மேல் பாராட்டை அவளிடம் எதிர்பார்க்கக் கூடாது.

“டிரைவரே”

அவளை வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸை ஓட்டுபவர் குமரவேலு. அமைதியான மனிதர். மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டுத் தன் கல்யாணத்தை மறந்துபோனவர். பஸ்ஸில் போகும் பெண்கள் எல்லாரும் அவரை ‘அண்ணே’ என்பார்கள். மலர் மட்டும் ‘டிரைவரே’ என்பாள். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் நாத்தனாரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது அண்ணிமார்களுக்குத் தெரியும்.

தீபாவளி முடிந்த ஒரு மாலை. மற்றவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். மலருடையது கடைசி நிறுத்தம். குமரவேலு கதவைத் திறக்காமல், கண்ணாடியில் அவளைப் பார்த்து, “தெனமும் கடைசியா நீங்கதான் எறங்குறீங்க. எறங்காமயே இருந்துட்டா நல்லா இருக்கும்னு தோணுது. யோசிச்சுச் சொல்லுங்க” என்றாராம். அப்புறம் கதவைத் திறந்துவிட்டாராம்.

இதை அவள் பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள். எனக்கோ குதிக்க வேண்டும்போல இருந்தது.

“அப்பறம் என்னா யோசன? புடிக்கலயா?”

“புடிக்கலன்னா பரவால்ல அண்ணி. புடிச்சதுதான் பிரச்ன.” குழாயை மூடினாள். “அவரு தெனமும் பஸ் நெறைய ஆள ஏத்திக்கிட்டு ஹைவேல ஓட்டுறாரு. என்னால அவருக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் எப்படி இருப்பேன்?”

என் சிரிப்பு அப்படியே நின்றது. இத்தனை வருஷமும் மாப்பிள்ளை அமையவில்லை என்றுதான் நாங்கள் கவலைப்பட்டோம். அவளோ தன் கழுத்தில் தாலி ஏறினால் ஒரு உயிர் போய்விடும் என்று நம்பிக்கொண்டு, அதே வீட்டில், அதே மேசையில் எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் நறுக்குவதாகச் சொல்லிச் சமாளிக்கக்கூட அன்றைக்கு வெங்காயம் இல்லை.

மூன்று லக்கினம் ஓடிப்போன கதை

குமரவேலு முறைப்படி வீட்டுக்கே வந்தார், கையில் ஒரு பொட்டலம் பீசாங் கோரெங்கோடு. வாழைப்பழ பஜ்ஜியைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்.

“ஜாதகம் இருக்கா தம்பி?”

“இல்லண்ணே. ரப்பர்த் தோட்டத்துல பொறந்தவன். நேரம் குறிக்க ஆளில்ல. எங்கம்மா சொல்லுவாங்க, காலையில பெரட்டு முடிஞ்சு ஆளுங்க பால் வெட்டப் போன பெறகு, பாலு எடைக்கு வர்றதுக்கு முன்னாடின்னு.”

என் வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணினார். பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, விடியும் முன்பே நடந்துவிடும். பால் எடைக்கு வரும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும்.

“அதுக்குள்ள மூணு லக்கினம் ஓடிடுமே தம்பி.”

“அதுதான்ணே நல்லது. நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாது. செவ்வாய்க்கு எப்படித் தெரியும்?”

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். எட்டிப் பார்த்தால் மலரும் கதவுக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரித்து முடித்ததும் பழையபடி முகம் வாடிவிட்டது. சிரிப்பு வந்ததால் பயம் போய்விடுமா என்ன.

பொங்கலை ஒட்டி ஒரு செய்தி வந்தது. செவ்வாய்க் கிரகம் பூமிக்குப் பக்கத்தில் வருகிறதாம். தொலைநோக்கி வைத்திருக்கும் ஒரு குழு தஞ்சோங் கிளிங் கடற்கரையில் சில மாலைகள் எல்லாருக்கும் காட்டப்போகிறதாம். வானொலியில் கேட்டதும் என் வீட்டுக்காரர் பதறிப்போனார்.

“தூரத்துல இருந்தே இந்தப் பாடு. கிட்ட வேற வர்றாராம். இது போற வரைக்கும் வீட்டுல நல்ல காரியம் பேச வேணாம்.”

மலர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“கிட்ட வருதா? அப்ப நான் போயி மூஞ்சியப் பாக்கணும். இத்தன வருஷமா என்னைப் பத்தி அவனுக்கு எல்லாம் தெரியுது, நான் அவன ஒரு தடவகூடப் பாத்ததில்ல. பாத்துட்டு அவருக்குப் பதில் சொல்றேன். ஆமான்னாலும் சரி, இல்லன்னாலும் சரி.”

‘அவருக்கு’ என்றால் யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

கடலைப் பார்த்துப் போட்ட நாற்காலி

இரண்டு மாலைகள் மழையில் போயின. அந்தக் குழு கடற்கரைக்கு வருவது அன்றுதான் கடைசி. எங்கள் பழைய காரில் மூன்று மடக்கு நாற்காலி, ஒரு பிளாஸ்க் தேநீர், கொசு மருந்து, நாங்கள் மூவர். குமரவேலு மோட்டார் சைக்கிளில் தனியாக வந்து, மரியாதையான தூரத்தில் நின்றுகொண்டார்.

கடற்கரைக்குப் போகிறவர்கள் எங்கே பார்த்து உட்காருவார்கள்? கடலைப் பார்த்துத்தான். நாங்களும் அப்படியே போட்டோம். கொஞ்ச நேரத்தில் கடலுக்கு மேலே, உயரத்தில், கண்ணைக் குத்துவதுபோல ஒன்று தெரிந்தது. அத்தனை பெரிய வெளிச்சத்தை நான் வானத்தில் பார்த்ததே இல்லை.

“செவப்பா இருக்கும்னு சொன்னாங்க. இது வெள்ளையால்ல இருக்கு” என்றாள் மலர்.

என் வீட்டுக்காரருக்குத் தெரியாது என்ற வார்த்தை வராது. “தூரத்துல வர்ற லோரி லைட்டு மஞ்சளா இருக்கும். கிட்ட வந்தா வெள்ளையா ஆயிடாதா? அந்த மாதிரிதான்” என்றார்.

அது போதும் மலருக்கு. எழுந்தாள், இடுப்பில் கையை வைத்தாள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கியதெல்லாம் வரிசையாக வெளியே வந்தது. வடை தின்றவர்கள் பெயர்கூட ஒன்றிரண்டு வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்றால் நம்புங்கள்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, தொலைநோக்கிகள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு மலாய் ஆசிரியை மணலில் ஓடி வந்தார்.

“காக், இத்து புக்கான் மாரிக். இத்து ஸுஹ்ரா” என்றார்.

அக்கா, அது செவ்வாய் இல்லை, வெள்ளி என்று அர்த்தம். சொல்லிவிட்டு எங்கள் முதுகுப் பக்கம் கையைக் காட்டினார். நான்கு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். கிழக்கே, மீன் சுடும் கடையின் தகரக் கூரைக்கு மேலே, புகைக்கு நடுவில், அடுப்பில் கிடக்கும் கரித்துண்டு மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. நாங்கள் வந்ததிலிருந்து அவன் எங்கள் முதுகுக்குப் பின்னால்தான் ஏறிக்கொண்டிருந்திருக்கிறான்.

என் வீட்டுக்காரர் நாற்காலியில் சரிந்தார். “சுக்கிரனையா திட்டின மலரு? கல்யாணத்தையே குடுக்குற கிரகம் அது. ஒன் ஜாதகத்துல உருப்படியா இருந்ததே அவரு ஒருத்தருதான்.”

மலர் கடல் பக்கம் திரும்பி இரண்டு கையையும் குவித்தாள். “சாரி. ஆள் மாறிப்போச்சு.”

மரியாதையான தூரத்திலிருந்து குரல் வந்தது. “எனக்கும் சேத்து ஒரு சாரி சொல்லிடுங்க. நானும் மனசுக்குள்ள ரெண்டு வார்த்த திட்டிட்டேன்.”

செருப்பைக் கழற்றிய வரிசை

நாங்கள் வரிசையில் போய் நின்றதும் ஒரு மேகம் வந்து கிழக்கை மூடியது. புள்ளி காணாமல் போய்விட்டது.

“பாத்தியா, மூஞ்சிய மூடிக்கிட்டாரு. சகுனம் சரியில்ல மலரு, போயிடலாம்” என்றார் என் வீட்டுக்காரர்.

மலர் கிழக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அந்தப் பாத்திரம் கழுவிய நாளின் பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. இப்போது வீட்டுக்குப் போனால் பதில் என்ன என்பது எனக்குத் தெரியும். நான் மேகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். திட்டலாம் என்றுதான் நினைத்தேன், மறுபடி யாரையாவது மாற்றித் திட்டிவிடுவோமோ என்று பேசாமல் இருந்தேன்.

குமரவேலு முதல் தடவையாகப் பக்கத்தில் வந்தார். “மேகம்னா வரும், போவும்ணே. நீங்க களைச்சுப் போனா ஒக்காருங்க. நான் வரிசையில எடம் புடிச்சு வெக்கிறேன். பஸ் ஓட்டுறவனுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறது புதுசா என்னா?”

அவர் மலரைப் பார்த்துச் சொல்லவில்லை. மலர் தலையைக் குனிந்துகொண்டாள். நாங்கள் யாரும் உட்காரவில்லை.

மேகம் நகர நகர வரிசையும் நகர்ந்தது. எங்கள் முறை வந்தபோது வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. “நான் மொதல்ல பாக்கிறேன். புள்ளைக்கு ஏதும் ஆயிடக் கூடாது” என்று என் வீட்டுக்காரர் முன்னால் போனார். அந்த மனிதர் மேல் எனக்குள்ள கோபமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துவிட்டது.

போனவர் தொலைநோக்கிக்கு முன்னால் நின்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நவக்கிரகத்துக்கு முன்னால் செருப்போடு நிற்பதெப்படி? நேராகப் பார்க்கவும் தைரியமில்லாமல், பக்கவாட்டில் சாய்ந்து கண்ணை வைத்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற சீனத்துப் பெரியவர், இதுதான் இங்கே விதி போலிருக்கிறது என்று நினைத்துத் தானும் செருப்பைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் வந்த குடும்பமும் கழற்றியது. ஆசிரியை ஒன்றும் புரியாமல் வரிசை நெடுகிலும் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். “சின்னதா இருக்காரு” என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட குரலில்.

வெள்ளைப் புள்ளி

அடுத்தது மலர். மற்றவர்களெல்லாம் குனிந்து, ஒரு கண்ணை இறுக்கி மூடி, எங்கே எங்கே என்று தடுமாறினார்கள். இவள் அப்படியில்லை. நாள் முழுக்கச் செய்யும் வேலைதானே. இரண்டு கண்ணும் திறந்தபடி குனிந்தாள். கை தானாகப் போய், படத்தைத் தெளிவாக்கும் திருகியைத் தொட்டது. ஆசிரியை தடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். வரிசையில் யாரோ இருமினார்கள்.

“மேல ஒரு வெள்ள ஸ்பாட் இருக்கு” என்றாள், கண்ணை எடுக்காமல்.

வெள்ளைப் புள்ளி என்றால் அவர்கள் லைனில் என்ன ஆகும் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

“ரிஜெக்டா?” என்று கேட்டேன்.

“ஒடனே போட மாட்டோம் அண்ணி. அது பழுதா, இல்ல அதோட இயல்பே அப்படியான்னு தெரிஞ்சவங்கள மொதல்ல கேக்கணும்.” ஆசிரியையிடம் மலாயில் கேட்டாள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதைக் கவனிப்பவர்கள் குறைவாம். செவ்வாயின் உச்சியில் உறைந்து கிடக்கும் பனியாம் அது. இருக்க வேண்டியதுதானாம்.

மலர் மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை பார்த்தது வேறு மாதிரி. தோள் இறங்கிவிட்டது.

“வாரா வாரம் நான் குடுத்த துவரையெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. துவரம்பருப்பு அளவுதான் இருக்கான்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்தாள். “தலையில ஐஸ வெச்சுக்கிட்டு, அவ்ளோ தூரத்துல, தன்னந்தனியா சுத்திக்கிட்டு இருக்கான் அண்ணி. இவனா புக்கிட் ரம்பாய்க்கு வந்து ஒரு பஸ் டிரைவரக் கொல்லப்போறான்?”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு குமரவேலுவிடம் போனாள். அவரும் செருப்பில்லாமல்தான் நின்றார்.

“பாஸ்” என்றாள்.

எத்தனையோ வருஷமாக அந்தத் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்குபவர் அவர். அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டார்.

“யாரு, செவ்வாயா, நானா?”

“ரெண்டு பேருந்தான்.”

என் வீட்டுக்காரர் கடல் பக்கம் திரும்பி, மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வெள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை திட்டு வாங்கியும் அது அப்படியேதான் ஜொலித்தது. கடைசியில், “தம்பி, ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வந்துடுங்க” என்றார். அவரிடமிருந்து வேறு சம்மதம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

ஞாயிறு சமையலுக்குத் துவரம்பருப்பு போதவில்லை. கோயிலுக்கென்று வாங்கி வைத்திருந்த பொட்டலத்தை மலரே எடுத்துக் கொடுத்தாள். அதற்காகக் கோயிலை விட்டுவிட்டாள் என்று நினைக்காதீர்கள். இன்றும் செவ்வாய்க்கிழமை போகிறாள், இப்போது ஜோடியாக. நவக்கிரகம் சுற்றும்போது செவ்வாய்க்கு முன்னால் மட்டும் கொஞ்சம் நின்று, பழகிய ஆளைப் பார்ப்பதுபோல ஒரு சிரிப்பு சிரிக்கிறாள்.

குமரவேலு எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். நேற்று அவர் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். மலரின் சமையலில் நன்றாகத் தடித்துவிட்டார். பெல்ட்டில் ஓட்டை போதவில்லை என்று என் வீட்டுக்காரர் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு வந்த கெடுதல் இதுவரை அது ஒன்றுதான்.